நாளைய கடற்பாம்பு: கற்பனைக்கும் ஓர் இலக்கணம்

வருங்கால உயிரினங்களைக் கற்பித்து எழுதுதல் அறிவியற் புனைவின் ஒரு கிளையாக வளர்ந்துள்ளது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த டுகல் டிக்ஸன் 1981 இல் வெளியிட்ட ‘மனிதனுக்குப் பின்’ என்னும் நூல் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 5 கோடி ஆண்டுகளின் பின் வாழக்கூடிய விலங்குகளை அது வகுத்துக் காட்டியது. திமிங்கிலங்கள் அற்றுப்போன கடலில் அவற்றின் இடத்தைப் பென்குயினின் வழித்தோன்றல்கள் நிரப்புவதாக அது கற்பித்தது. இம்முறையைப் பின்பற்றி, நமது குடாநாட்டைச் சூழ்ந்த கடலில் நாளை தோன்றக்கூடிய நச்சுப் பாம்பொன்றைக் கற்பிக்க முனைவோர் எவற்றை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

பாம்பு கடலேகும் கற்பனை நமக்குப் புதிதன்று. புளியந்தீவிலிருந்து நாகமொன்று வாயிற் பூவேந்தி நயினாதீவு நாகபூசணி அம்மனை வழிபடக் கடல் நீந்தி வந்தது என்றும், கருடன் தாக்க முற்படக் கடலிடைக் கல்லொன்றைச் சுற்றிக்கொண்டது என்றும், அவ்வழி வந்த வணிகன் ஒருவன் அதனைக் காத்தான் என்றும் அத்தலக் கதை கூறும். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் எனப் பாறைகள் இரண்டை இன்றும் காட்டுவர். இக்கதையைக் கொண்டு, கூர்ப்புக் கொள்கையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என வாதிடுவது பொருந்தாது. வெறும் மூடக்கதை என ஒதுக்குவதும் பொருந்தாது. கதையின் நாகம் இறுதிவரை நிலத்து நாகமே. தனக்குரியதல்லாத நீரை உடல் மாறாமலே அது கடக்கின்றது. அச்செயலின் அருமையிலேயே அதன் பத்தி பொலிகின்றது. அதற்குத் துடுப்பு வாலைக் கொடுத்துவிட்டாற் கதை கெட்டுவிடும்.

கூர்ப்பின் வழி வேறு. கடற்பாம்புகள் நாகபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நிலத்து முன்னோரிலிருந்து வந்த அவற்றின் வால் துடுப்புப்போலத் தட்டையாயிற்று. நாவின் கீழுள்ள சுரப்பி மிகையான உப்பை வெளியேற்றுகின்றது. பெரும்பாலானவை கரையேறாது நீரிலேயே குட்டி ஈனுகின்றன. ஆயினும் அவை செவுள் பெறவில்லை. மூச்செடுக்க நீர்மட்டத்துக்கு வந்தேயாக வேண்டும். எனவே, நாளைய பாம்புக்குச் செவுள் பொருத்துவோர் முன்னோரின் உடலை மறந்தவராவர். நஞ்சின் நிலையும் இத்தகையதே. கற்பனையாளர் முதலிற் கூட்ட விரும்புவது நஞ்சையே. ஆனால் மீன்முட்டைகளையே உண்ணத் தலைப்பட்ட கடற்பாம்பினம் ஒன்றில் நஞ்சு வலுவிழந்துள்ளது. இரை மாறின் நஞ்சும் தேவையற்றதாகும். காரணமின்றி இயற்கை எதனையும் பேணுவதில்லை.

டிக்ஸனின் குறையும் இவ்விடத்திற் புலனாகின்றது. தம் கற்பனைக்கு இடம்காண அவர் மனிதனை முற்றாக அகற்றிவிடுகின்றார். பாக்கு நீரிணையைப் பற்றி எழுதுவோனுக்கு அவ்வசதி இல்லை. 1827 இல் ஜேர்மானிய விலங்கியலாளர் போயி, கொக்கிபோன்ற மூக்குடைய கடற்பாம்பொன்றுக்கு ‘வலகடின்’ என இனப்பெயர் வழங்கினார். ‘வலைக்கடியன்’ என்ற தமிழ்ப் பெயரே இவ்வாறு திரிந்தது எனக் கொள்ளத்தகும். முந்திய பெயரொன்றே பின்னர் அறிவியலில் நிலைபெற்றது. எனினும் மீனவர் வழங்கிய பெயரிலே ஒரு நுண்ணறிவு உண்டு. அவர்கள் பாம்பைத் தனித்துக் கண்டாரல்லர். வலையோடு சேர்த்தே கண்டனர். வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் கையையே அது பெரிதும் தீண்டுகின்றது. வலையிற் சிக்கி மூச்சடைத்து மாள்வதும் அதுவே.

அடித்தள இழுவைமடியை இலங்கை 2017 இற் சட்டத்தாற் தடைசெய்தது. அதன் பின்னரும் பாக்கு நீரிணையில் அப்பிணக்கு ஓயவில்லை. ஆகவே வலைக்கடியனின் வழித்தோன்றலைக் கற்பிப்போன் இம்மடியையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். அவ்வினம் இழுவைப்படகு புகாத ஆழங்குறைந்த கடனீரேரியை நாடலாம். இளமையிலேயே முதிர்ந்து குட்டி ஈனலாம். அன்றி, வழித்தோன்றலே இன்றி அற்றும் போகலாம். இம்மூன்றாவதையும் எண்ணிப் பார்க்கத் துணியாத கற்பனை, எத்துணை விந்தையான உருவைப் படைப்பினும், நமது கடலைப் பற்றியதாகாது. வலையோடு சேர்த்துப் பாம்பைக் கண்ட மீனவரின் பார்வையையே நம் அறிவியற் புனைவு முதலிற் கற்றுக்கொள்ளல் வேண்டும்.