பகிர்வட்டுக் கோப்பு முறைமை: ஒரு மதிப்பீடு

பகிர்வட்டுக் கோப்பு முறைமை என்பது, ஒரே வட்டுத் தொகுதியில் பல கணினிகள் ஒரே நேரத்தில் நேரடியாகப் படிக்கவும் எழுதவும் வழி செய்யும் ஏற்பாடு. ஐபிஎம் 1998-இல் வெளியிட்ட ஜிபிஎஃப்எஸ், 2006-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 ஆகியவை இவ்வகையின.

தேவை

செட்டிநாட்டுப் பெரிய வீட்டை எண்ணிப் பாருங்கள். வீடு பொது, ஆனால் மணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, அடுப்பும் கணக்கும் தனித்தனி. அந்தப் புள்ளிகளெல்லாம் ஒரே நெல் அறையை வைத்துக்கொண்டு, அவரவர் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து மூட்டை எடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் எடுத்துவிட்ட மூட்டை மற்றவர் புத்தகத்தில் இருப்பாகவே நிற்கும். எக்ஸ்ட்4 போன்ற சாதாரணக் கோப்பு முறைமையை இரு கணினிகளில் ஒருசேர இணைத்தால் நேர்வது இதுவே. ஒவ்வொன்றும் வட்டின் பழைய நிலையைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதால் கோப்புகள் சிதையும்.

நன்மையும் விலையும்

பகிர்வட்டு முறையில் எழுத விரும்பும் கணினி முதலில் பூட்டு மேலாளரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு கணினி பழுதானாலும் மற்றொன்று அதே தரவைக் கொண்டு பணியைத் தொடரும். இது பெரிய நன்மை. ஆனால் பல கணினிகள் ஒரே கோப்பகத்தில் எழுதினால், பூட்டு கைமாறுவதிலேயே நேரம் கரையும். ஜிஎஃப்எஸ்2-க்கு ரெட் ஹாட் 16 கணினிகள் வரையே ஆதரவு அளித்தது. மேலும், பதில் தராத கணினியை வட்டிலிருந்து துண்டித்த பிறகே அதன் பூட்டை மற்றதற்குத் தரலாம். இல்லையேல் அது திடீரென விழித்துப் பழைய கணக்கை எழுதிவிடும்.

மதிப்பீடு

பகிர்ந்து வைத்தாலே தரவு பத்திரம் என்று மாணவர்கள் பலர் நம்புகின்றனர். அது தவறு. பகிர்வட்டுக்கு நெருங்கிய உறவான லஸ்டர் முறைமையைப் பயன்படுத்திய கியோட்டோ பல்கலைக்கழகத்தில், 2021 டிசம்பரில் காப்புநகல் நிரலில் நேர்ந்த பிழையால் 77 டெராபைட் தரவு, சுமார் 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. பூட்டு ஒழுங்கைக் காக்கும். தவறான கட்டளையைத் தடுக்காது.

புள்ளிகளைப் போல் சேமிப்பைத் தனித்தனியே வைக்கும் எச்டிஎஃப்எஸ் வழக்கமாக மூன்று பிரதிகள் வைக்கிறது. அழிக்கும் கட்டளை வந்தால் மூன்றும் போகும்.

எனவே, சில சர்வர்கள் மட்டுமே உள்ள இடத்துக்குப் பகிர்வட்டு முறை பொருத்தமானது. ஆனால் 2022-இல் திருச்சி என்.ஐ.டி.யில் தொடங்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள 'பரம் பொருள்' போன்ற பெருங்கணினியில் ஆய்வு செய்யும் மாணவரும், தம் முடிவுகளின் ஒரு பிரதியை அக்கணினியின் கட்டளை எட்டாத வேறிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.