மலையேறும் கோச்சி

வாலெட்டா, சாந்தோரினி என்று மத்தியதரைக் கடலில் ஊர் ஊராக நின்று போகும் சொகுசுக் கப்பலில், கரை மெல்ல மெல்லக் கிட்ட வருவதுதான் அழகு. அந்த நிதானத்தை எங்கள் இலங்கை மலையகத்தில் கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயில் தருகிறது. ஹட்டனில் ஏறினால் கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, பிறகு நானுஓயா. ஒவ்வொன்றும் ஒரு துறைமுகம்.

1885இல் பாதை நானுஓயாவை எட்டியது. ஐந்தரை அடி அகலப் பாதையை, 44 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில், இத்தனை நெருக்கமான வளைவுகளில் கொண்டுவந்த உழைப்பு சாதாரணமானதல்ல. வேகமெடுக்க முடியாததால்தான் கொழுந்து பறிக்கும் பெண்களின் முகம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. வளைவில் நம் ரயிலின் எஞ்சினையே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். தலவாக்கலைக்கு முன்னால் சென்கிளேயர் அருவி வரும். மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பிறகு அது மெலிந்துபோனது எனக்குத் தீராத வருத்தம்.

நான் மிகவும் ரசிப்பது நிலைய அதிபர் கையிலுள்ள பெரிய வளையத்தை. அதில் தொங்கும் தோல்பைக்குள் ஓர் உலோக வில்லை. அதுதான் பாதையின் அடுத்த பகுதிக்கான அனுமதி; அது கைக்கு வராமல் சாரதி அதற்குள் நுழைய மாட்டார். நகரும் ரயிலிலிருந்து ஒரு கை பழைய வளையத்தைக் கொடுத்து, புதியதை வாங்கிக்கொள்ளும் நேர்த்தி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

நானுஓயாவில் நுவரெலியா செல்லும் கூட்டம் இறங்கிவிடும். அவசரமில்லாதவர்கள் சுடச்சுட வடை வாங்கிக்கொண்டு பட்டிப்பொல வரை போகலாம். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அது.