மீன் எழுதாத புத்தகம்

நமது சிறுகதைகளில் சூதாடி வரும் பாதை ஒன்றுதான். முதற் பந்தியில் அவன் நல்லவன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கூட்டாளி அவனைக் கடதாசிக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறான். பிறகு மனைவியின் காப்பு அடகுக்குப் போகிறது, அதன்பின் வாப்பா விட்டுப்போன காணி உறுதி. கடைசிப் பந்தியில் சுபஹு பாங்கு கேட்கிறது, அவன் அழுகிறான். இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். கல்பிட்டியிலிருந்தும் வாசித்திருக்கிறேன், காத்தான்குடியிலிருந்தும் வாசித்திருக்கிறேன். பொய்யான கதை என்று சொல்லவரவில்லை. உறுதி தொலைந்த வீடுகள் புத்தளத்தில் எவருக்கும் தெரியும்.

ஆனால் இந்த அச்சில் வார்க்க முடியாத ஒரு மனிதர் கடந்த இருபது வருடங்களில் வந்துவிட்டார். ஒன்லைன் போக்கர் ஆடியே ஜீவனம் செய்பவர். அவர் உறுதியை அடகு வைப்பதில்லை, காணி வாங்குகிறார். வாய்விட்டு அழுவதுமில்லை, மாத முடிவில் கணக்குப் பார்க்கிறார். வெல்லும் சூதாடியை என்ன செய்வதென்று நமது கதைக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றி வெளியே எழுதப்பட்ட புத்தகங்களை வைத்துக்கொண்டு இந்தத் தெரியாமையைப் பற்றிப் பேசலாம் என்று படுகிறது.

அச்சு எங்கிருந்து வந்தது? தஸ்தயேவ்ஸ்கியின் ‘சூதாடி’ நாவலை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. 1866 ஒக்டோபரில், பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கிக்கு நவம்பர் முதலாந் திகதிக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால் தன் எழுத்துகளின் உரிமை ஒன்பது வருடங்களுக்குக் கைமாறிவிடும் என்ற நெருக்கடியில், சுருக்கெழுத்துப் பெண் அன்னாவுக்குச் சொல்லிச்சொல்லி இருபத்தாறு நாட்களில் முடித்த நாவல் அது. அதை எழுதிய விதமே ஒரு பந்தயம். ஆனால் அதிலுள்ள விளையாட்டு ரூலட். சக்கரம் சுழல்கிறது, மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எதிரில் இருப்பது விதி, அல்லது கடவுள், அல்லது தன் சொந்தப் பைத்தியம். மற்ற மனிதர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டுமே. பிறகு வந்த சூதாட்டக் கதைகள் பெரும்பாலும், நமது பாங்கொலிக் கதைகள் உட்பட, இந்த நிற்றலிலிருந்து கிளைத்தவைதாம்.

போக்கர் வேறு. அங்கே எதிரில் இருப்பது இன்னொரு மனிதன். நம்மவர்களுக்கு ‘ஓமி’ தெரியும். சிங்களத்தில் இஸ்கோப்ப, கலாபர, ஹார்த்த, ருயித்த என்று ஒல்லாந்தர் விட்டுப்போன பெயர்களோடு, முப்பத்திரண்டு கடதாசியில், இரண்டு பேர் ஒரு பக்கமாக ஆடுவது. ஓமியில் முன்னால் இருப்பவர் உங்கள் கூட்டாளி. அவர் கண்ணைப் பார்த்து ஆடலாம். போக்கரில் கூட்டாளி கிடையாது. ஆளுக்கு இரண்டு கடதாசி மறைவில், ஐந்து கடதாசி மேசையில் எல்லோருக்கும் பொதுவாக. மிச்சமெல்லாம் பந்தயத்தைக் கூட்டுவதும், பின்வாங்குவதும், இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும்தான். நோர்வேயின் அனெட் ஒப்ரெஸ்தாத் என்ற பெண் 2007இல் 180 பேர் ஆடிய ஒரு இணையப் போட்டியில், ஒரேயொரு தடவை தவிரத் தன் கடதாசிகளைப் பார்க்காமலே ஆடி வென்றார். அவ்வருடமே லண்டனில் பத்து இலட்சம் பவுணும் வென்றார்; வயது இன்னும் பத்தொன்பது ஆகவில்லை. கடதாசியைப் பார்க்காமல் எதை ஆடினார்? எதிராளிகளை ஆடினார்.

இந்த ஆட்டம் ஒரு தொழிலானதற்கு 2003ஐச் சொல்வார்கள். டெனசியைச் சேர்ந்த இருபத்தேழு வயதுக் கணக்காளர் ஒருவர், சிறு தொகை கட்டி இணையத்தில் ஆடி இடம்பிடித்து, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 838 பேரை விஞ்சி 25 இலட்சம் டொலர் வென்றார். அவர் பெயர் கிறிஸ் மணிமேக்கர். கதையில் இப்படி ஒரு பெயர் வைத்தால் எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார். மூன்று வருடம் கழித்து, 2006இல், அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள்.

மணிமேக்கரின் பளபளப்பை விடுங்கள். தொழிலாக ஆடுபவரின் நாள் எப்படியிருக்கும்? ஒரு திரையில் எட்டு, பத்து மேசைகள். ஒரு மேசையில் மணித்தியாலத்துக்கு எழுபது, எண்பது ஆட்டங்கள். பெரும்பாலானவற்றில் கடதாசியைப் பார்த்ததும் போட்டுவிட வேண்டியதுதான். நூறு ஆட்டத்துக்கு, ஒரு டொலர் மேசையில், சராசரி ஐந்து டொலர் மிஞ்சினால் அவர் கெட்டிக்காரர். அந்த ஐந்து டொலர்கூட நூறு நூறாக வருவதில்லை. நன்றாக ஆடுபவரும் பல்லாயிரம் ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கக்கூடும். அது தன் பிழையா, வெறும் துரதிர்ஷ்டமா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் ஐந்து வீதம் போலத் தளக்காரன் முதலில் கழிவு எடுத்துவிடுகிறான். ஆகவே மேசையில் எல்லோரும் சமமாக ஆடினால் எல்லோருமே தோற்பார்கள். ஒருவர் வாழவேண்டுமானால் தன்னைவிட மோசமாக ஆடும் சிலர் அந்த மேசையில் தொடர்ந்து இருந்தாக வேண்டும்.

அந்த மோசமாக ஆடுபவருக்குத் தொழில்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மீன்’. பெரும் பணத்தோடு வருபவர் ‘திமிங்கிலம்’. இது ஏதோ ஒரு மூலையில் வழங்கும் கேலிச் சொல்லன்று. உலகம் முழுக்கப் போக்கர்காரர்களின் அன்றாடப் பாஷை.

வள்ளுவரும் இந்த மீனை அறிந்திருந்தார். ‘சூது’ அதிகாரத்தின் முதற் குறளிலேயே, சூதில் கிடைக்கும் வெற்றி தூண்டில் இரும்பை இரையென்று மீன் விழுங்கியதைப் போன்றது என்கிறார். உரைகள் மீனைப் பேசுகின்றன, இரும்பைப் பேசுகின்றன. தூண்டிலின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் குறளில் இல்லை. கடற்கரையில் பிறந்த எனக்கு அந்த ஆள் இல்லாதது எப்போதும் ஒரு குறையாகவே பட்டிருக்கிறது. தூண்டில் தானாகக் கடலில் தொங்குவதில்லை. நளன் கதையிலும் பாரதத்திலும் மறுமுனையில் ஆள் உண்டு. ஆனால் புட்கரனும் சகுனியும் வஞ்சகர்கள். அவர்களை வெறுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். வஞ்சகம் செய்யாத, விதிமுறையைத் துளியும் மீறாத, அன்போடு பிள்ளை வளர்க்கும் ஒரு தூண்டில்காரனை என்ன செய்வது?

அவரைப் பற்றிய புத்தகங்களுக்கு வருகிறேன். அமெரிக்க நாவலாசிரியர் கோல்சன் வைட்ஹெட்டை ஒரு சஞ்சிகை 2011இல் பத்தாயிரம் டொலர் கட்டி லாஸ் வேகாஸ் போட்டிக்கு அனுப்பியது. அதிலிருந்து ஒரு புத்தகம் 2014இல் வந்தது. நகைச்சுவையால் தன்னைத் தானே குத்திக்கொள்ளும் எழுத்து. தோற்கப்போவது தெரிந்து உட்கார்ந்திருப்பவரின் குரல் அது. மீனுக்குச் சற்று நெருங்கி வருகிறது. ஆனால் கட்டியது அடுத்தவர் பணம். மீனுக்கு அப்படி யாரும் கட்டுவதில்லை.

மரியா கொனிகோவாவின் 2020ஆம் ஆண்டுப் புத்தகம் இன்னும் கெட்டித்தனமானது. உளவியல் படித்தவர். ஒரு கட்டில் எத்தனை கடதாசி என்றே சரியாகத் தெரியாமல் தொடங்கி, எரிக் சைடல் என்ற பெரிய ஆட்டக்காரரிடம் பாடம் கேட்டு, 2018 ஜனவரியில் ஒரு போட்டியில் 84,600 டொலர் வென்றார். வாழ்க்கையில் எது நம் கையில், எது நம் கையில் இல்லை என்பதைப் போக்கர் கற்பிக்கிறது என்பது அவர் வாதம். தன் முடிவுகளை இவ்வளவு நேர்மையாகப் பிரித்துப் பார்க்கும் எழுத்து தமிழில் குறைவு. அப்படியிருந்தும் எனக்கு ஒரு நெருடல். அந்தப் பாடசாலைக்குக் கட்டணம் கட்டியவர்கள் யார்? அவர் வென்ற தொகை மற்றவர்கள் கட்டிய நுழைவுக் கட்டணம். புத்தகத்தில் எதிராளிகள் வருகிறார்கள். அவர்கள் அவசரக்காரர், பயந்தவர், முரடர் என்று ஆட்டத்தின் குணங்களாக வருகிறார்கள். எழுந்து போனபின் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்பது இல்லை. எழுதியவர் குறை என்று இதைச் சொல்லமாட்டேன். அந்த இலக்கிய வகை முழுவதும் அப்படித்தான், மீன்பிடிப்பவர்கள் எழுதிய இலக்கியம்.

நமது மரபு இதற்கு எவ்வளவோ முந்தி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைத்தான் நம் எழுத்தாளர்கள் மறந்துபோகிறார்கள். ஜாஹிலிய்யாக் கால அரபிகளின் ‘மைஸிர்’ ஒட்டகத்தை அறுத்துப் பங்குவைத்து அம்புகளால் ஆடியது. பத்து அம்புகள், ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்பு. வென்றவர்கள் இறைச்சியைத் தாம் தின்னாமல் ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பெருமையாகக் கருதினார்கள். தன் முஅல்லகாவில் லபீத் இந்த மைஸிரைத் தன் கொடைக்குச் சாட்சியாகவே பாடுகிறார். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியவரும் அதே லபீத்தான். ஆக, மைஸிர் விலக்கப்பட்டபோது விலக்கப்பட்டது வெறும் பேராசை அன்று, புகழும் கொடையும் சேர்ந்த ஒரு பண்பாடு. பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அதில் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. பாவம் அதைவிடப் பெரிது என்று நிறுக்கிறது. இந்த நிறுவை நம் கதைகளில் எங்கே? லொத்தர் வருமானம் மஹாபொல நிதிக்குப் போய், அந்தப் புலமைப்பரிசிலில் பல்கலைக்கழகம் முடித்த பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். இதைத் தொட்டு ஒரு கதை வந்ததாக எனக்கு நினைவில்லை.

மாஇதா அத்தியாயம் இன்னொன்றையும் சொல்கிறது: மைஸிரால் மனிதரிடையே பகைமையும் வெறுப்பும் மூட்டப்படும் என்று. ஒன்லைன் ஆட்டக்காரர் இங்கே குறுக்கிடுவார்: “எனக்கு எவரோடும் பகையில்லை. எதிரில் இருப்பது ஒரு புனைபெயரும் சின்னப் படமும்.” உண்மைதான். பகைக்கு ஒரு முகமாவது தேவை. முகத்தையே எடுத்துவிட்ட இடத்தில் பகையும் இல்லை, கைசேதமும் இல்லை. ஒரு நல்ல சிறுகதைக்கு இது போதும்.

சட்டமோ வேறொரு கேள்வியையே பிடித்துக்கொண்டு நின்றது: திறமையா, அதிர்ஷ்டமா? தமிழ்நாட்டில் ஒன்லைன் சூதில் பணமிழந்தவர்களின் தற்கொலைகள் பேசுபொருளாகி, 2022இல் சட்டப்பேரவை தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவில் ஏற்று, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றைத் தடையிலிருந்து எடுத்தது. பிறகு நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை பண ஆட்டம் கூடாதென்ற விதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றது. (தஹஜ்ஜுத்துக்கு எழும்புபவர்களும் மீன்களும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிறார்கள் என்பதை அரசாங்கம் கண்டுபிடித்ததாக ஒரு நண்பர் சொன்னார்.) 2025 ஓகஸ்டில் இந்திய மத்திய சட்டம் அந்த விவாதத்தையே ஓரத்தில் வைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஒன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது. நமது நாட்டில் அதே வருடம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபைக்குச் சட்டம் வந்தது. கொழும்பில் பெரிய கசினோ ஒன்றும் திறக்கப்பட்டது.

திறமையா அதிர்ஷ்டமா என்பது தூண்டில்காரனுக்குத் தோதான கேள்வி. திறமைதான் என்று நிரூபித்துவிட்டால் அவர் தொழிலாளி ஆகிவிடுகிறார். நமது ஃபிக்ஹ் அப்படிக் கேட்கவில்லை. அம்பு, ஒட்டகம், குதிரை தவிர்ந்தவற்றில் பந்தயப் பொருள் இல்லை என்ற ஹதீஸை வைத்து, பணம் யாருடையது, எந்தப் பக்கத்திலிருந்து வைக்கப்படுகிறது என்றே அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். கதை எழுதுபவருக்கும் இந்தக் கேள்விதான் கூடப் பயன்படும்.

இன்னொரு இடத்தில் நமது கரைக்கு இந்த உலகம் திடீரென்று பக்கத்தில் வருகிறது. தொழில்முறை ஆட்டக்காரர் பலர் சொந்தப் பணத்தில் ஆடுவதில்லை. ஒருவர் முதல் போடுகிறார், இலாபத்தில் பங்கு எடுக்கிறார். தோற்றால் அந்தத் தொகை கணக்கில் ஏறி நிற்கும். அதை ஆடி மீட்டபிறகுதான் ஆட்டக்காரருக்குப் பங்கு. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிக் கடலுக்குப் போகிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கடன் தீரும்வரை வேறு வள்ளத்தில் ஏறமுடியாது. சுதந்திரமான வாழ்க்கை, முதலாளி இல்லாத தொழில் என்று வர்ணிக்கப்படுவதன் அடியில் கிடப்பது நமக்குப் பழக்கமான அதே கணக்குக் கொப்பிதான். சம்மாட்டிமாரை எழுதத் தெரிந்த நம் கதைஞர்கள் இங்கே கைவைக்கலாம்.

தூண்டில்காரருக்கு மேலும் ஒரு தூண்டில் உண்டு. 2011இல் அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களை முடக்கியபோது, ‘ஃபுல் டில்ட்’ என்ற தளம் ஆட்டக்காரருக்குக் கொடுக்கவேண்டியது ஏறத்தாழ 39 கோடி டொலர், வங்கியில் இருந்தது ஏறத்தாழ 6 கோடி என்று அரச தரப்பு சொன்னது. கெட்டிக்காரர்களின் வைப்பும் அதற்குள்தான் கிடந்தது. பிறகு 2019இல் ‘புளூரிபஸ்’ என்ற கணினி நிரல் ஆறு பேர் மேசையில் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது. அதற்கு அலுப்பு இல்லை, கோபம் இல்லை, பிள்ளைக்குப் பாடசாலைக் காசு கட்டவேண்டியதும் இல்லை. இப்போது நல்ல ஆட்டக்காரர் மணிக்கணக்காக நிரல்களின் விடைகளை மனனம் செய்கிறார், மத்ரஸாவில் பிள்ளைகள் ஓதுவது போல.

அப்படியானால் மீனின் புத்தகம் எங்கே? ஒருவகையில் அது ஏற்கனவே இருக்கிறது. தொழில்காரர்கள் பாவிக்கும் மென்பொருள் ஒவ்வொரு எதிராளியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் சேமித்துவைக்கிறது. எந்த இரவில் வந்தார், எத்தனை மணிக்கு ஆடத் தொடங்கினார், எந்தத் தோல்விக்குப் பிறகு பந்தயத்தை இரட்டித்தார், எப்போது சின்ன மேசைக்கு இறங்கினார், எந்தத் திகதிக்குப் பிறகு வரவேயில்லை. எல்லாம் எண்களில், ஒரு புனைபெயரின் கீழ், அவரை வென்றவரின் கணினியில் கிடக்கின்றன. அந்தக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, கடைசித் திகதிக்கு மறுநாள் காலையிலிருந்து ஒருவர் கதையைத் தொடங்கட்டும். பாங்கு கேட்பதாக எழுதினாலும் பரவாயில்லை.