புகார் நகரும் கலையும்

ஒரு நகரின் சிறப்பைக் கூறப் புகுவோர் அதன் மதிலையும் மாடத்தையும் வணிக வளத்தையும் முதற்கண் எடுத்துரைத்தல் வழக்கம். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலும் இவை உள. எனினும் அக்காதையை ஊன்றிப் பயில்வார்க்கு வேறோர் உண்மை புலனாகும். மக்கள் செறிந்து வாழும் நிலப்பரப்பு ஊராக உருப்பெறுவதிற் கலைக்குப் பெரும்பங்குண்டு என்பதே அது. நகரங்களைக் கலையாற் பொலிவுறுத்தும் முயற்சிகள் பல நாடுகளிலும் நடைபெறும் இந்நாளில், இளங்கோவடிகள் காட்டும் புகார் மீண்டும் ஆராயத்தக்கது.

புகார், மருவூர்ப்பாக்கம் எனவும் பட்டினப்பாக்கம் எனவும் இரு கூறாயது. இரண்டிற்கும் இடையே, சோலை மரங்களையே தூண்களாகக் கொண்டு நாளங்காடி விளங்கிற்று. மருவூர்ப்பாக்கத்திற் பல தொழில் வினைஞரோடு இசைவல்ல பெரும்பாணர்க்கும் இருக்கைகள் இருந்தன. பட்டினப்பாக்கத்திற் கூத்தரும், இசைக்கருவி வல்லோரும், நகைவேழம்பரும் வாழ்ந்தனர். ஆற்றுப்படை நூல்களிற் பாணர் புரவலரை நாடி ஊரூராய் அலைவோர்; புகாரிலோ அவர் நகரின் குடிகள். விழாவுக்கு வந்து மீளும் விருந்தினரால் மட்டும் ஒரு நகரின் கலை நிலைபெறாது என்பது இவ்வேறுபாட்டாற் பெறப்படும்.

அரங்கேற்று காதை இக்கருத்தை மேலும் விளக்குகின்றது. மாதவி ஆடிய அரங்கு 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமும் கொண்டதென அடிகள் அளவு கூறுவர். அளவாற் குறுகிய அவ்வரங்கு நகரோடு இணைக்கப்பட்ட முறை நோக்கற்பாலது. ஆடலுக்கு முன்னர்த் தலைக்கோலைப் பொற்குடத்து நீராட்டி மாலை சூட்டினர். அரசனும் ஐம்பெருங்குழுவும் உடன்வர, அஃது ஊர்வலமாகக் கொணரப்பட்ட பின்னரே அரங்கிற் புகுந்தது. கலை தெருவைக் கண்டு மேடையேறிற்று. ஆதலின் மேடை தெருவுக்கு அயலாகவில்லை.

புகாரின் ஐவகை மன்றங்களுள் ஒன்று பாவை மன்றம். அரசன் செங்கோல் கோடினும், அறங்கூறவையத்தார் ஒருபாற் கோடினும், அங்குள்ள பாவை வாய்திறந்து பேசாது கண்ணீர் உகுக்கும். பொதுவிடத்து நிறுவப்பட்ட சிற்பம் இங்கே அணிகலன் அன்று. ஆள்வோரின் நடுவுநிலைக்குச் சான்று. ஆள்வோரைப் புகழ்தற்கே சிலை நிறுத்தும் நகரங்கள் கற்க வேண்டிய பாடம் இதுவாகும்.

எனினும் புகாரைக் குறையற்ற பொற்காலமாகக் கொள்ளுதல் பொருந்தாது. மாதவியின் கலைக்கு அரசன் அளித்த பரிசு 1,008 கழஞ்சு பொன் பெறும் மாலை. அம்மாலையே நகர நம்பியர் திரியும் மறுகிற் கூனி ஒருத்தியால் விலைகூறப்பட்டது. அதனை வாங்கியவன் மாதவியின் மணமகனாகும் உரிமை பெற்றான், கண்ணகி தனித்தாள். ஊரைப் பிணைத்த கலையே சந்தைப் பொருளானபோது ஒரு மனையைப் பிரித்தது. கலையால் ஒரு நகர் அடையும் பெருமையைக் கணிப்போர், அதற்கு விலை கொடுத்தோர் யாவர் என்பதையும் உடன் வினாவுதல் வேண்டும்.

மணிமேகலை இவ்வாராய்ச்சியை நிறைவுறுத்துகின்றது. 28 நாள் நிகழும் இந்திரவிழாவை அறிவிக்கும் முரசோன், சமய வாதிகளைப் பட்டிமண்டபத்துக்கு அழைத்து, பகைவரோடும் பூசல் செய்யாது விலகுமாறு வேண்டுகின்றான். பின்னாளில், மகனை இழந்த துயரில் மன்னன் விழாவை மறக்க, நகரைக் கடல் கொண்டது எனச் சாத்தனார் கூறுவர். கடல்கோள் இயற்கை நிகழ்ச்சியாயினும், அதன் காரணத்தைப் புலவர் விழா மறந்தமையில் வைத்தது கருத்துடைத்து. பல சமயத்தாரையும் ஓரிடத்திற் கூட்டும் வழக்கம் அற்றபின் நகர் நிற்பினும் அது வெறுங் கட்டடத் தொகுதியே.

இவ்வளவுகோலை யாழ்ப்பாணத்துக்கும் பொருத்தலாம். 1959இல் திறக்கப்பட்ட பொதுசன நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது; அதற்கு உயிரூட்டுவோர் அங்கு வந்தமரும் வாசகரே. அதன் அருகே 2023இல் திறந்துவைக்கப்பட்ட பண்பாட்டு மையமும் மாடங்களின் உயரத்தாற் சிறப்புறாது. வட்டுக்கோட்டையிலும் பாசையூரிலும் வழிவழியாகக் கூத்தைப் பேணி வருவோர் அதனைத் தம் களரியாகக் கொள்வராயின், அஃது ஊரின் மன்றமாகும். அன்றேல் விழாநாளில் மட்டும் விளக்கேற்றும் மண்டபமாக எஞ்சும். அரங்கை அமைத்தல் அரசால் இயலும். அதனை ஊராக்குதல் அங்கு ஆடுவோராலும் காண்போராலுமே இயலும்.