செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் லாரி

கிண்டியில் உள்ள ஒரு கலைச் சங்கத்தார், பள்ளிப் பிள்ளைகளின் சித்திரப் போட்டிக்கு நடுவராக வரவேண்டும் என்று அழைத்தபோது மறுத்துவிடத்தான் நினைத்தேன். கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் டில்லியில் ஆரம்பித்துவைத்த குழந்தைகள் போட்டிக்காகச் சிறுவயதில் ஒரு மாட்டை வரைந்து, அனுப்பத் தைரியமில்லாமல் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். எனக்கும் சித்திரக் கலைக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். ஆனால் தலைப்பைக் கேட்டதும் மறுக்க மனம் வரவில்லை. 'ஆப்ரோஃபியூச்சரிசம்' என்றார்கள்.

வாயில் நுழையாத இந்தப் பெயரை 1993-ல் வைத்தவர் மார்க் டெரி என்ற அமெரிக்க விமர்சகர். விஷயம் அதற்கும் முந்தியது. சன் ரா என்றொரு கறுப்பர் இனச் சங்கீத வித்துவான், தாம் சனி கிரகத்திலிருந்து வந்தவர் என்று ஆயுள் முழுவதும் சாதித்தார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பிறந்த மண்ணில் பஸ்ஸில்கூடப் பின் ஆசனம்தான் என்று விதிக்கப்பட்டவன், 'நான் உங்கள் ஊர்க்காரனே அல்ல' என்று சொன்னால் அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆக்டேவியா பட்லர் 1979-ல் எழுதிய 'கிண்ட்ரெட்' நாவலில், 1976-ல் வாழும் ஒரு கறுப்பினப் பெண்ணைக் காலம் பிடித்து இழுத்து அடிமைப் பண்ணையில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. கடந்த காலம் வேண்டுமென்றே அழிக்கப்பட்டுவிட்ட ஒரு ஜனக்கூட்டம், வருங்காலத்தைக் கனவு காண முடியுமா? டெரி எழுப்பிய கேள்வி இதுதான்.

கூடத்தில் ஐம்பது அறுபது படங்கள் மாட்டியிருந்தன. பாதிக்குமேல் 2018-ல் வந்த 'பிளாக் பாந்தர்' படத்தின் நகல். வரைந்த பிள்ளைகளுக்குக் கை நன்றாக ஓடுகிறது; சந்தேகமில்லை. ஆனால் பிறத்தியார் முகமூடியை மாட்டிக்கொள்வதா தலைப்புக்குப் பொருள்? இன்னொரு கூட்டம் ராஜராஜ சோழனின் கப்பல்களுக்கு நெருப்புக் குழாய் பொருத்தி வானத்தில் ஏற்றியிருந்தது. நமக்குத்தான் கடந்த காலம் குறையே இல்லையே! யாருக்குக் குறை, யாருக்கு நிறை என்பதுதான் கேள்வி. அந்தப் பழம்பெருமையில் பங்கே கிடைக்காதவன் வருங்காலத்திலும் ராஜாவுக்குத் துடுப்புத்தான் போடவேண்டுமா?

ஒன்று கவனித்தேன். ராஜாக்களும் ராஜகுமாரிகளும் ஒருவர் பாக்கியில்லாமல் ரோஜா நிறம். கிரேயான் பெட்டியில் 'தோல் நிறம்' என்று பிள்ளைகள் சொல்லும் குச்சி இருக்கிறதல்லவா, அதன் உபயம். அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி இப்படி ஒரு குச்சிக்கு வைத்திருந்த 'சதை நிறம்' என்ற பெயரை 1962-லேயே மாற்றிவிட்டது. நம் பிள்ளைகள் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை.

ஒரு மூலையில் தொங்கிய படத்தை முதல் சுற்றில் நான் சரியாகப் பார்க்கவில்லை. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு தெரு. பச்சை, நீலம், மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு தண்ணீர் லாரி. "அங்கே போயுமா தண்ணீர்ப் பஞ்சம்? கற்பனை போதவில்லை" என்றார் உடன் இருந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். நானும் தலையாட்டி, நூற்றுக்கு நாற்பது போட்டுவிட்டு நகர்ந்தேன்.

காபி குடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்த லாரியை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தேன். ஒரு கிழவி. நல்ல கறுப்பு, கறுப்பின் மேல் பழுப்பும் ஊதாவும் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த கறுப்பு. புடவைத் தலைப்பை விண்வெளி உடுப்பின் இடுப்பில் செருகியிருக்கிறாள். குடத்தோடு காத்து நிற்பவள் இல்லை. ஸ்டியரிங் அவள் கையில். லாரிச் சக்கரங்கள் கோணல், விரல்கள் வெண்டைக்காய் மாதிரி. எல்லாம் உண்மை. இருந்தும், அந்தக் கூடத்தில் தலைப்பைப் புரிந்துகொண்ட படம் அது ஒன்றுதான்.

திருவண்ணாமலையைச் சேர்ந்த ஓவியர் ஓஷீன் சிவா, தலித்துகளும் தமிழர்களும் வாழும் வருங்காலங்களைப் பெரிய சுவர்களில் தீட்டிவருகிறார். அவருடைய வர்ணங்கள் கண்ணைப் பறிக்கும். உருவங்கள் பூமியில் காணாதவை. இந்தப் பெண் அவற்றைப் பார்த்திருப்பாளா, தெரியாது. இவள் வர்ணத்தில் பகட்டு இல்லை. தெருக்குழாயடியை அப்படியே எடுத்துக்கொண்டு போய், ஆளை மட்டும் இடம் மாற்றி உட்காரவைத்துவிட்டாள்.

மதிப்பெண்ணைத் திருத்தக் கேட்டேன். பட்டியல் டைப்புக்குப் போய்விட்டது என்றார் காரியதரிசி. முதற்பரிசு பறக்கும் கப்பலுக்குப் போயிற்று. என் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் அதைக் கொடுத்தது.

இதைப் பிள்ளைகளின் குறையாக எழுதிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. என் நாவல்களைப் புரட்டினால் கதாநாயகி எலுமிச்சை நிறம், இல்லாவிட்டால் சந்தன நிறம். கறுப்பானவள் வந்தால் வேலைக்காரி, அல்லது 'கறுப்பானாலும் களையானவள்'. அந்த 'ஆனாலும்' என் பேனாவில் தானாக வந்து விழுகிற சொல். வாசகர்கள் யாரும் ஆட்சேபித்ததில்லை.

வெளியே வரும்போது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பதினைந்து வயதிருக்கும்.

"லாரியில் யாரம்மா அது?"

"எங்க ஆயா சார்."

"லாரி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது சார். லாரிக்காரனைத் திட்டத் தெரியும்."

படத்தைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு வேளச்சேரி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.