துரையின் தொப்பியும் நம் எழுத்தும்

தலையில் அணிவது ஒருவனுடைய அடையாளம் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. சேரன் பனம்பூவையும் சோழன் ஆத்தியையும் பாண்டியன் வேம்பையும் சூடினர். ஆநிரை கவரச் சென்றவன் வெட்சி சூடினான். மீட்கச் சென்றவன் கரந்தை சூடினான். சூடிய பூவைக் கொண்டே செயலை அறிந்தனர். பூவின் பெயரே திணையின் பெயராகவும் ஆயிற்று. தலையணியை இவ்வளவு நுட்பமாக நோக்கிய மரபில் வந்த நாம், மலேசியத் தோட்டப்புற வாழ்வை எழுதும்பொழுது மட்டும் அந்நோக்கினைக் கைவிட்டுவிட்டோம் என்பது என் கருத்து. துரையின் தொப்பியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இங்கு ஆராய்வோம்.

நம் சிறுகதைகளிலும் பள்ளி ஆண்டுவிழா நாடகங்களிலும் துரை வருகிறார் என்றால் தொப்பியும் வந்துவிடும். கதை நிகழும் ஆண்டு 1910 ஆயினும் 1955 ஆயினும் அதே வெள்ளைத் தொப்பிதான். அது அதிகாரத்தின் குறியீடு என்று மாணவர் எழுதுவர். ஆசிரியரும் மதிப்பெண் வழங்குவர். குறியீடு என்பதில் பிழையில்லை. ஆயினும் எல்லாக் கதைக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரு குறியீடு, எந்தக் கதைக்கும் உரியதாகாது. மலாக்கா மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தோன்றியது. அதனை அமைத்தவர் வெள்ளையர் அல்லர். மலாக்காவிலேயே பிறந்த டான் சே யான் என்னும் சீனர். நாம் வழக்கமாக வரையும் படம் முதல் தோட்டத்திற்கே பொருந்தவில்லை அன்றோ?

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் இத்தொப்பியைப் பற்றி 1944இல் ஓர் இதழில் எழுதினார். 1920களில் பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்தவர் அவர். வெப்பநாட்டு வெயில் வெள்ளையரின் தலையை மட்டும் தாக்கிக் கொல்லும் என்ற நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கை என்பது அவர் கருத்து. ஆள்வோரும் ஆளப்படுவோரும் உடலமைப்பிலேயே வேறானவர் என்று காட்டுவதற்கு அந்நம்பிக்கை தேவைப்பட்டது என்றும் அவர் விளக்கினார். 1905இல் உட்ரஃப் என்னும் அமெரிக்க மருத்துவர், வெப்பநாட்டு ஒளி வெள்ளையருக்குக் கேடு செய்யும் என்று ஒரு நூலே எழுதியிருந்ததை நினைத்தால், ஆர்வெல் கூறியதன் வலிமை விளங்கும். மூடநம்பிக்கை அறிவியலின் உடையை உடுத்தி உலவிய காலம் அது.

இக்கருத்தை நம் எழுத்தோடு பொருத்திப் பார்க்கலாம். விடியுமுன் பெரட்டு நடக்கிறது. ஞாயிறு எழவில்லை. பால்மரக் காட்டுக்குள் சென்றாலும் நிழல்தான். அவ்வேளையில் துரையின் தலையில் வெயில் தொப்பி எதற்கு? இவ்வினாவை எழுப்பிய எழுத்தாளன், துரை கொடியவர் என்று ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. இருட்டில் அணிந்த வெயில் தொப்பியே அதனைச் சொல்லிவிடும்.

ஆர்வெல் தொப்பியின் பயனைக் கண்டார். தொப்பி என்னும் பொருளைப் பற்றி நாம் அறிய வேண்டியவை இன்னும் உள. அதனைச் ‘சோலா’ தொப்பி என்பர். சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்று பலர் எண்ணுகின்றனர். அஃதன்று. சோலா என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடி. தமிழில் நாம் நெட்டி என்று வழங்குவது அச்செடியைத்தான். தஞ்சைக் கைவினைஞர் பெருவுடையார் கோயிலின் உருவத்தைச் செதுக்குவது இந்த நெட்டியில். மாட்டுப் பொங்கலன்று காளையின் கழுத்தில் விழும் மாலையும் நெட்டி மாலையே. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அந்த வெண்மையான தண்டை மெல்லிய தாள்களாகச் சீவி, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் பசையிட்டு ஒட்டி, மேலே துணி போர்த்தினால் துரையின் தொப்பி. அதன் நெற்றியைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் கட்டிய துணிக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயரும் ‘பகடி’ என்னும் இந்தியச் சொல்லிலிருந்து வந்ததே. அதன் பொருள் தலைப்பாகை. ஆக, நம்மவரிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்ட அவர் அணிந்த தொப்பியின் உடல் நம் செடி. அதன்மேல் சுற்றியது நம் தலைப்பாகை. இவ்வளவு கூர்மையான முரணைக் கையில் வைத்துக்கொண்டு, ‘வெள்ளைத் தொப்பி அணிந்த துரை’ என்ற வெறுந்தொடரோடு நிறைவடைவது முறையாகுமா?

அடுத்து, காலம். பழந்தொப்பிகளைத் தேடிச் சேர்ப்போர், இலக்கிய வரலாற்றாசிரியர் நூலுக்கு மேலெல்லை கீழெல்லை வகுப்பதைப் போலவே தொப்பிக்கும் வகுக்கின்றனர். முதலில் உள்ளே பார்ப்பர். வியர்வையைத் தாங்கும் தோல்பட்டை, கடையின் முத்திரை, அளவுச் சீட்டு, ஓரத்தின் அடியில் கண்கூச்சம் தவிர்க்கத் தைத்த பச்சைத் துணி ஆகியவை சான்றுகள். கல்கத்தாவின் வைட்டவே லெய்ட்லா போன்ற பெருங்கடைகள் சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர் ஆகிய நகரங்களிலும் கிளை வைத்திருந்தன. அத்தகைய முத்திரை, தொப்பி எவ்வழியாக வந்தது என்று கூறும். அமெரிக்கக் கம்பளித் தொப்பியாயின், தொழிற்சங்கச் சீட்டைப் பார்ப்பர். தொப்பித் தொழிலாளரின் இரு சங்கங்கள் 1934இல் ஒன்றாயின. இணைந்த சங்கத்தின் பெயர் உள்ள தொப்பி அவ்வாண்டுக்கு முற்பட்டதாகாது. ஒரு சான்றை மட்டும் நம்பார். பல சான்றும் ஒருங்கே பொருந்தினால்தான் முடிவு கூறுவர்.

நம் கதைகளுக்கும் இச்சோதனை வேண்டும். ஏனெனில், தோட்டப்புறத் தலைகள் மிக விரைவாக மாறிய காலம் ஒன்று உண்டு. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. கோட்டும் தலைப்பாகையுமாக ஊர் சென்று ஆள் திரட்டிய கங்காணியின் காலம் அத்துடன் முடிந்தது. 1942 ஜனவரியில் மலாக்கா சப்பானியர் வசமாயிற்று. தொப்பியணிந்த துரைமார் பலர் சிறைப்பட்டனர். 1943இல் நேதாசி வந்தபின், தலைத்துண்டு கட்டிப் பால் வெட்டிய இளைஞர் பலர் இந்திய தேசிய இராணுவத்தின் மடிப்புத் தொப்பியை அணிந்தனர். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. இதனைக் காணாத கதை, தோட்டத்தைக் காலமற்ற ஓர் இருளாகக் காட்டிவிடுகிறது. மாறாத வாழ்வு என்று எழுதினால், அதனை மாற்ற முயன்றவரை மறைத்தவராவோம்.

இவ்வாண்டுகளிலேயே சயாம் மரண இரயிலும் அமைந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதைக்காக வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரும் உழைத்தனர். கைதிகளுள் எண்ணற்றோர் தொப்பியின்றி வெயிலில் நின்றனர். அவர்களைக் கொன்றது வெயிலன்று. பசியும் காலராவும் மலேரியாவும் அடியும் கொன்றன. வெப்பநாட்டு வெயிலைப் பற்றிய பழைய நம்பிக்கை அப்போரோடு தளர்ந்தது; அத்தொப்பியும் படிப்படியாக வழக்கொழிந்தது. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பது நம் பழமொழி. போர் முடிந்து திரும்பிய துரைக்குப் போனது தொப்பி. அவர் தோட்டத்திலிருந்து சென்று திரும்பாத தமிழருக்கோ தலையே போயிற்று. அத்துயரை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்களாக்கி நம் இலக்கியத்தில் நிலைபெறச் செய்துள்ளனர். அதே வரலாற்றின் சிறு சான்று ஒன்று துரையின் தலையிலும் இருந்தது என்பதை நாம் உணர வேண்டும்.

இனி, பழுதுபார்த்தல். நெட்டித் தொப்பியை நீரில் கழுவலாகாது. நெட்டி ஊதிப் பசை விட்டுவிடும். மென்மையான தூரிகையால் தூசு தட்டுவதே போதும். பசையிலுள்ள மாவைத் தேடிப் பூச்சிகள் வருமாதலால் உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பழங்கம்பளித் தொப்பியில் பாதரசத்தின் எச்சம் இருக்கக்கூடும்; அமெரிக்காவில் அத்தொழிலில் பாதரசப் பயன்பாடு 1941இல்தான் தடை செய்யப்பட்டது. ஆகவே கையுறையோடு தொடுதல் நன்று. எல்லாவற்றினும் பெரிய பிழை, பளபளப்புக்காகப் புது வெள்ளைச் சாயம் பூசுவது. வியர்வைக் கறையும் ஓரத்தின் வெடிப்பும் அதனை அணிந்தவனின் வரலாறு. சாயம் அதனை அழித்துவிடும்.

இந்நெறி நமக்குப் புதியதா? 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டார். தம் சொல்லால் நிரப்பவில்லை. இல்லாததை இல்லையென்று காட்டிய நேர்மையே அப்பதிப்பின் பெருமை. தோட்டத்தின் கதையை எழுதுவோருக்கும் அதே நேர்மை வேண்டும்.

மலாக்காச் செட்டிகள் இங்கு நினைக்கத்தக்கவர். மலாக்கா சுல்தான்களின் காலத்து வணிகர் வழிவந்த அவர்களின் வீட்டுமொழி மலாய். ஆயினும் ஆடவர் விழாவில் அணியும் தலையணியை இன்றும் ‘தலப்பா’ என்றே வழங்குகின்றனர். மொழி போன பின்னும் தலையிலிருந்த பொருள் தன் தமிழ்ச் சொல்லைக் காத்து நின்றது. பொருளைக் காப்பது சொல்லைக் காப்பது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின்றன, லயங்கள் இடிபடுகின்றன. அங்குக் கிடந்த பழம்பொருள்கள் மண்ணுக்குச் செல்கின்றன, அல்லது பழம்பொருட் கடையின் அழகுப் பொருளாகின்றன. ஆகவே தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். தோட்டக் கதையொன்றைப் பாடமாக நடத்தும்பொழுது, தொப்பி எதன் குறியீடு என்று கேட்பதற்கு முன், அது எந்த ஆண்டுத் தொப்பி, எதனால் ஆனது, யார் தலையில் இருந்தது என்று கேளுங்கள். மாணவர் தம் தாத்தாவின் தலைத்துண்டைப் பற்றியும் அவ்வாறே கேட்கத் தொடங்குவர்.