கணக்கில் வராத பெண்கள்

கடன் வாங்கியாவது பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதிலாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு. 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களில், உயர்ந்த கல்லூரிக்குப் போனவரும் போகாதவரும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே சம்பளம்தான் வாங்கினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன் இருந்தது. மற்றவர்களுக்குக் கல்லூரியின் பெயர் பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை. அப்படியானால் கடன் எதற்கு?

ஆனால் அங்கே எண்ணப்பட்டது யாருடைய சம்பளம்? ஆண்டு முழுவதும் முழுநேர வேலை பார்த்தவர்களுடையது. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்ட பெண்கள், பகுதிநேர வேலைக்கு மாறிய பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை.

சூச்சின் கே, எலியட் ஐசக், அமாலியா மில்லர் மூவரும் 2018இல் அதே தரவுகளை அந்த வரம்பின்றி மறுபடி பார்த்தார்கள். ஆண்களுக்குப் பழைய முடிவே வந்தது, பெண்களுக்கு மாறியது. மாணவர்களின் சராசரி சாட் மதிப்பெண் 100 கூடுதலாக உள்ள கல்லூரியில் படித்த பெண்களின் வருமானம் 14 சதவீதம் கூடியது. மணமான பெண்களிடம் அந்த உயர்வு இன்னும் அதிகம்.

இந்த 14 சதவீதத்தைக் கடனுக்குக் கிடைத்த லாபம் என்று வாசிக்கக் கூடாது. ஒரு மணி நேர உழைப்புக்கான சம்பளம் ஏறியதால் வந்ததல்ல அது. பெரும்பாலும் பெண்கள் வேலையை விடாமல் அதிக நேரம் உழைத்ததால் வந்தது. சொந்த வருமானம் இருந்தால் வீட்டில் அவள் பேச்சுக்கு எடை கூடும் என்பது உண்மை. ஆனால் அமெரிக்கக் கல்விக்கடனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் தலையில் இருப்பதாக அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் சொல்கிறது. விரும்பி வேலையில் நீடிப்பவளும், தவணை கட்டுவதற்காக நீடிப்பவளும் சம்பளக் கணக்கில் ஒன்றுபோலவே தெரிவார்கள்.

பெயரும் கடனும் எப்போதும் சேர்ந்தே வருவதுமில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001இலேயே தன் நிதியுதவியில் கடனுக்குப் பதில் மானியம் வைத்தது. எனவே சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் பெண், சம்பளம் எவ்வளவு கூடும் என்பதோடு நிறுத்தக் கூடாது. இந்தக் கடனுக்குப் பிறகும் பிடிக்காத வேலையை, பிடிக்காத மணத்தை மறுக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும்.